தளம் திறக்கவில்லையா? ஹோஸ்டிங் கம்பெனியோடு மல்லுக்கட்ட ஒரு முழு வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு உடன்குடி அண்ணாச்சி போன் செய்தார். எடுத்ததும், "தம்பி, நம்ம கடைப் பேர அடிச்சா எவனோ லோன் தாரேன்னு போட்டிருக்கான்டே. நாம என்னைக்குடே லோன் குடுத்தோம்?" என்றார். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கிற அவருடைய தளத்தை அமைத்துக் கொடுத்தது நான்தான். பல்கூடத் துலக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்து, தளத்துக்குச் சர்வரில் இடம் வாடகைக்கு விடுகிற ஹோஸ்டிங் கம்பெனியின் சாட்டில் முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டொமைன், அதாவது தளத்தின் பெயர், காலாவதியாகி 11 நாள் ஆகிறது, அது எங்களிடம் வாங்கியதும் இல்லை என்றார். பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி.

அதே கம்பெனி பிறகு ஒருமுறை என்னைப் பத்து நாள் அலையவிட்டது. அப்போது தப்பு அவர்கள் பக்கம். அந்தக் கதை பின்னால் வருகிறது.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, எங்கேயோ இருக்கிற சர்வரோடும் அதைவிடத் தூரத்தில் இருக்கிற உதவிக் குழுவோடும் 12 வருடமாக மாரடிக்கிறேன். இதில் நான் படித்த பாடம் ஒன்றே ஒன்று. உதவிக் குழுவில் இருப்பவருக்கு நம் திரை தெரியாது. நம் கோளாறு அவர் திரையில் தோன்றும் வரை அவருக்கு அது கோளாறே இல்லை. அதை அவர் கண்ணுக்குக் காட்டுவதற்குத்தான் கீழே சொல்கிற பாதி வேலைகள். காட்டியும் அவர் அசையவில்லை என்றால் மூட்டை கட்டிக் கிளம்புவதற்கு மீதி.

உங்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

தளம் திறக்கவில்லை என்றதும் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வெளியூரில் இருக்கிற ஒருவரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இதற்கென்றே சென்னையில் ஒரு மச்சினன் இருக்கிறான்.

அவனுக்குத் திறந்து உங்களுக்கு மட்டும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் சர்வரின் தடுப்புச்சுவர் உங்கள் ஐ.பி. முகவரியை (உங்கள் இணைப்புக்கு இணையத்தில் உள்ள எண்) தடுத்திருக்கும். கடவுச்சொல்லை நாலைந்து தடவை தப்பாக அடித்தாலே போதும். பழைய கடவுச்சொல்லோடு ஒரு போன் மூலையில் கிடந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் பல வீடுகளுக்குச் சேர்த்து வெளியே ஒரே முகவரிதான் தெரியும். அதனால் யாரோ செய்த வேலைக்கு நீங்கள் அடைபடுவதும் உண்டு. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில இணைப்புகளில் முகவரி மாறிவிடும். மாறாவிட்டால், 'என் ஐ.பி. என்ன' என்று தேடி வருகிற எண்ணை அனுப்பித் தடையை நீக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. இதை 'சைட் டவுன்' என்று எழுதி அனுப்பினால் ஐந்து நாள் வேலை, ஏனென்றால் அவர்களுக்குத் தளம் நன்றாகத் திறக்கும்.

எல்லோருக்கும் திறக்கவில்லையா? அப்படியென்றால் திரையில் வந்திருக்கும் எண்ணைப் படியுங்கள். படிக்காமல் மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

500 வந்தால் பெரும்பாலும் நம் தளத்துக்குள்ளே ஏதோ உடைந்திருக்கிறது: ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்), தீம் (தோற்றத்துக்கான நிரல்), அல்லது தளத்தை ஓட்டுகிற பி.எச்.பி. மொழியின் பதிப்பு. 502, 503, 504 என்றால் சர்வர் மூச்சு வாங்குகிறது, அல்லது பராமரிப்பில் இருக்கிறது. பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். 508 பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்குபோடும் பகிர்வு ஹோஸ்டிங்கில் வருவது, உங்களுக்கு ஒதுக்கிய பங்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். 403 என்றால் யாரோ வாசலில் மறிக்கிறார்கள். தரவுத்தளத்தோடு இணைக்க முடியவில்லை என்று வேர்ட்பிரஸ் (தளத்தை எழுதி நடத்த உதவும் மென்பொருள்) சொன்னால், கடவுச்சொல் மாறியிருக்கலாம், தரவுத்தள சர்வரே படுத்திருக்கலாம். நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் இரண்டாவதுதான்.

இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று உலாவி பயமுறுத்தினால் பாதுகாப்புச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் அதிகபட்சம் 90 நாளுக்குத்தான் செல்லும். கம்பெனியின் நிரல் அதைத் தானாகப் புதுப்பிக்க வேண்டும். டொமைனின் டி.என்.எஸ். (பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் பதிவு) வேறெங்காவது திரும்பியிருந்தால் அந்தப் புதுப்பித்தல் சத்தமில்லாமல் தோற்றுவிடும், ஒருநாள் காலையில்தான் நமக்குத் தெரியவரும்.

வெறும் வெள்ளைத் திரை வந்தால் ஹோஸ்டிங் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகையான சி-பேனலில் கோப்பு மேலாளரைத் திறந்து, பிளகின்ஸ் என்ற கோப்புறையின் பெயரை மாற்றிப் பாருங்கள். தளம் உயிர்த்துவிட்டால் குற்றவாளி உள்ளே இருக்கிறான். பெயரைத் திருப்பி வைத்து, ஒவ்வொரு பிளகினாக முடுக்கிக் கண்டுபிடிக்கலாம். கம்பெனி பி.எச்.பி. 7.4-இலிருந்து 8-க்கு மாற்றிய வாரம் எனக்குத் தெரிந்த நாலு தளம் இப்படி வெளுத்துப்போயின. 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, அதனால் மாற்றியதில் தப்பில்லை. முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

டொமைன் போனால் எத்தனை நாள் கெடு?

அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். டொமைன் என்பது கடையின் பெயர்ப்பலகை, ஹோஸ்டிங் என்பது வாடகைக் கட்டடம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். அவர் கட்டட வாடகையை ஒழுங்காகக் கட்டியிருந்தார். பலகைக்கான நினைவூட்டல்கள் எல்லாம், அவர் கடையில் முன்பு வேலை பார்த்த பையனின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பையன் இப்போது துபாயில்.

டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே பறிபோகாது. முதலில், டொமைன் விற்ற பதிவு நிறுவனத்தைப் பொறுத்து, 45 நாள் வரைக்கும் சலுகைக் காலம் கிடைக்கலாம். அதற்குள் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். அப்போது அபராதம் போலப் பெரிய தொகை கேட்பார்கள். அதையும் விட்டால் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அந்த 5 நாளில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, அதன்பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் பல நிறுவனங்கள் அந்த முகவரியில் விளம்பரப் பக்கத்தை மாட்டிவிடும். அண்ணாச்சி பார்த்த லோன் அதுதான். 11-ஆம் நாள் என்பதால் வழக்கமான கட்டணத்திலேயே மீட்டுவிட்டோம்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டிருந்தும் ஏன் போயிற்று என்று கேட்டார். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் மாறியது. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே மின்-ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும், எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வர வேண்டும். இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டுக் கம்பெனியிடம் அட்டை எண் இருந்தும் பயனில்லை. வங்கி மறுத்துவிடும், தளத்தில் மட்டும் 'தானியங்கிப் புதுப்பிப்பு: ஆன்' என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்தப் பச்சையை நம்பாதீர்கள். முடிந்தால் மூன்று, ஐந்து ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிடுங்கள். காலாவதித் தேதியை வீட்டுத் தினசரி நாட்காட்டியில் கிறுக்கி வைத்தாலும் சரிதான். பதிவில் இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்று இன்றைக்கே பாருங்கள். கடை அண்ணாச்சியுடையது, பலகை வேலைக்காரப் பையன் பெயரில் என்கிற நிலை எத்தனை தளங்களில் இருக்கிறது என்று எண்ணினால் வயிறு கலங்கும்.

தமிழுக்கு மட்டும் வருகிற வியாதிகள்

இந்தப் பகுதியை ஆங்கில உதவிப் பக்கங்களில் தேடினால் லேசில் கிடைக்காது. உதவிக் குழுவுக்கும் பெரும்பாலும் தெரியாது.

முதல் வியாதி, எழுத்து சிதைவது. சர்வர் மாற்றிய பிறகு தமிழ் எழுத்துகள் இரண்டு விதமாகக் கெடும். தலையில் கீறல் போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' என்று மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கிறது. யூ.டி.எஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை) உள்ள தரவை வேறு குறியாக்கம் என்று நினைத்துச் சர்வர் படிக்கிறது, அவ்வளவுதான். தரவுத்தள இணைப்பின் குறியாக்கத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால்தான் ஆபத்து. தரவுத்தளத்தைத் திறந்து காட்டும் பி.எச்.பி.மைஅட்மினில் நேராகப் பார்த்தாலும் கேள்விக்குறியே தெரிந்தால், அந்தப் பிரதியில் எழுத்து போய்விட்டது. அதன்மேல் எதையும் சேமிக்காதீர்கள். பழைய சர்வரில் இருக்கும் மூலப் பிரதியிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும், பழைய கணக்கை அதற்குள் மூடியிருக்கக் கூடாது.

இரண்டாவது, முகவரி பாதியில் முறிவது. தமிழ்த் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதை முகவரியாக மாற்றும்போது ஒவ்வொரு குறியும் 9 எழுத்தாக விரியும். அந்தப் புலத்தின் அளவோ 200 எழுத்து. ஆக 22 குறிக்குமேல் இடமில்லை. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் 'தாமிரபரணிப் படித்துறைகள்' என்று வைத்தால்கூட 'படித்துறைகள' வரைக்கும் போய், கடைசிப் புள்ளி ஏறாமல் நின்றுவிடும். இது யாருடைய தவறும் இல்லை, உதவிக் குழுவுக்கு டிக்கெட் (எழுத்தில் தரும் புகார்) போட்டுப் பயனில்லை. தலைப்பை நீளமாக வையுங்கள், முகவரியை மட்டும் சுருக்கமாகக் கையால் அடித்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் என்னைப் பத்து நாள் அலையவிட்டது.

திருநெல்வேலியில் சிந்துபூந்துறையிலிருந்து குறுக்குத்துறை வரை ஆற்றோரப் படித்துறைகளைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். சேமி என்று அழுத்தினால் 413 என்று ஒரு பக்கம் வந்தது, எழுதியது ஏறவில்லை. சாட்டில் சொன்னேன். கேஷை (உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய நகல்) அழியுங்கள் என்றார்கள். அழித்தேன். வேறு உலாவியில் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். டிக்கெட் போட்டேன். மறுநாள், 'நாங்கள் சோதித்தோம், சரியாகச் சேமிக்கிறது' என்று அவர்கள் திரையைப் பிடித்த ஒரு படத்தோடு பதில் வந்தது. படத்தில் ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று ஒரே ஒரு சொல்! டிக்கெட் தீர்ந்தது என்று மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தேன், வேறொருவர் வந்தார், மறுபடி 'டெஸ்ட்'. இப்படி மூன்று முறை.

நான்காம் தடவை எழுதுவதற்கு முன்னால் நானே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். கட்டுரையில் பாதியை ஒட்டினால் ஏறியது. அடுத்த பாதியை ஒட்டினாலும் ஏறியது. இரண்டையும் சேர்த்தால் ஏறவில்லை. ஆக, எந்தச் சொல்லும் பிரச்சினை இல்லை, அளவுதான். அதே நீளத்துக்கு ஆங்கிலக் கட்டுரை ஒன்றை ஒட்டினேன், சட்டென்று ஏறிவிட்டது.

காரணம் இது. சர்வர்களில் மாட்செக்யூரிட்டி என்று ஒரு காவல்காரன் உண்டு. கோப்பு இல்லாமல் வெறும் எழுத்தாக வருகிற படிவம் 1,31,072 பைட்டுக்குமேல் போனால் மறித்துவிடு என்பது அதன் வழக்கமான அமைப்பு. வேர்ட்பிரஸின் பழைய எடிட்டரில் (எழுதும் பலகை) 'அம்மா' என்று அடித்துச் சேமித்தால் அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறி. ஒவ்வொன்றும் 3 பைட், படிவமாக அனுப்பும்போது அது 9 ஆகிவிடும். ஆக 45 பைட். அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் 4. ஆங்கிலத்தில் எழுதுகிறவன் இருபதாயிரம் சொல் எழுதினாலும் முட்டாத சுவரில் நாம் ஆயிரத்து அறுநூறு, எழுநூறு சொல்லிலேயே முட்டிக்கொள்கிறோம். புதிய பிளாக் எடிட்டர் தமிழை இப்படி ஊதிப் பெருக்காமல் அனுப்புவதால் அதில் மூன்று மடங்கு இடம் கிடைக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

இதை எண்ணோடு எழுதி அனுப்பினேன். இரண்டாம் நிலைத் தொழில்நுட்பர் ஒருவர் வந்தார். பத்தே நிமிடத்தில் அளவைக் கூட்டிவிட்டார். பத்து நாளும் பத்து நிமிடமும்!

டிக்கெட் எழுதுவது ஒரு கலை

அந்த நான்காவது கடிதத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறேன். எளிய ஆங்கிலத்தில் எழுதினேன், தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'இந்த முகவரியில் உள்ள என் தளத்தில், பழைய எடிட்டரில், 1,800 சொல் கொண்ட தமிழ்ப் பதிவைச் சேமித்தால் 413 வருகிறது. 1,500 சொல் என்றால் வருவதில்லை. அதே நீள ஆங்கிலப் பதிவுக்கும் வருவதில்லை. கடைசியாக வந்த நேரம்: இந்திய நேரம் காலை 9.40, யூ.டி.சி. 4.10. என் ஐ.பி. இது. பிளகின்கள் அனைத்தையும் அணைத்தும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. சோதிக்க வேண்டிய உரையை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இதையே ஒட்டிச் சோதியுங்கள். மாட்செக்யூரிட்டி பதிவேட்டில் அந்த நேரத்து வரியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.'

இதில் முக்கியமானது நேரம். இதற்கு முந்தைய கடிதங்களில் 'காலை 9.40' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அவர்கள் தங்கள் ஊர் 9.40-ஐத் தோண்டிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று போடுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, எதை ஏற்கெனவே செய்துவிட்டோம் என்பது. முதல் நிலையில் இருப்பவர் கையில் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். அந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவிட்டால், அவர் உங்களை மேலே தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதன்பிறகும் 'டெஸ்ட்' என்றே பதில் வந்தால், 'இரண்டாம் நிலைக்கு மாற்றவும்' என்று ஒரு வரி எழுதுங்கள். கோபப்பட்டு எழுதிப் பயனில்லை. நான் அதையும் செய்து பார்த்திருக்கிறேன், மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும்.

ஒரே கோளாறுக்கு ஒரே டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். புதிதாக ஒன்று போட்டால் மறுபடி கேஷை அழிப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாட்டில் பேசியதை மூடுமுன் நகலெடுத்து வையுங்கள், பிறகு 'நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே' என்பார்கள். கடவுச்சொல்லைச் சாட்டில் எழுதவே வேண்டாம். உள்ளே பார்த்தாக வேண்டும் என்றால் தற்காலிகமாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

அப்புறம், கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி வரும் எண்ணுக்கு அடித்துவிடாதீர்கள். பல எண்கள் திருடர்களுடையவை. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

'அன்லிமிடெட்' என்ற மாயம்

அளவில்லாத இடம் என்று விற்பார்கள். கோப்புகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கும், ஐநோட் என்ற பெயரில் ஒப்பந்தத்தின் அடியில் எழுதியிருக்கும். அது நிறைந்தால் படம் ஏறாது, அஞ்சல் வராது, சில சமயம் உள்ளே நுழையவே முடியாது. சி-பேனலின் ஓரத்தில் எண்ணிக்கை தெரியும், மாதம் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் கேஷ் கோப்புகளும், யாரும் திறக்காத அஞ்சல் பெட்டியும்தான் தின்றிருக்கும். இடம் தீர்ந்திருந்தால், கோளாறுகள் பதிவாகும் எரர் லாக் கோப்பைப் பாருங்கள். அண்ணாச்சி தளத்தில் அது நாலு ஜி.பி.க்கு வளர்ந்து கிடந்தது. மொத்தக் கருப்பட்டிப் படங்களும் சேர்த்து முந்நூறு எம்.பி.கூட இல்லை.

99.9 சதவீத இயக்க உறுதி என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் படுத்திருக்க அனுமதி உண்டு. முன்னறிவித்த பராமரிப்பு அதில் சேராது.

பிரதி: குறுக்குத்துறை முருகன் சொல்லித் தருவது

ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில் குறுக்குத்துறை முருகன் கோயில். தாமிரபரணியில் வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் பொருள்களையும் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்கு முன்கூட்டியே எடுத்துப் போய்விடுவார்கள். தண்ணீர் கோயிலை மூழ்கடித்துவிட்டுப் போகும், பிறகு கழுவிவிட்டுப் பூஜை நடக்கும். வெள்ளம் வராது என்று யாரும் அங்கே பந்தயம் கட்டுவதில்லை.

ஹோஸ்டிங் கம்பெனி தினமும் எடுக்கிற காப்புப் பிரதி பெரும்பாலும் அதே கட்டடத்தில், சில சமயம் அதே சர்வரில் இருக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

அதற்காக வீட்டுக் கணினி ஒன்று போதும் என்று நினைத்தால், 2023 டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஜங்ஷன் பக்கம் தரைத்தளத்தில் அலுவலகம் வைத்திருந்த என் கூட்டாளியின் கணினி, அதன் பக்கத்தில் வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க், இரண்டும் சேற்றோடுதான் வெளியே வந்தன. இரண்டு பிரதி வைத்திருந்தான், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்தான் தூரம்.

அதனால் மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்றாவது வேறு ஊரில். என்னுடையது: சர்வரில் ஒன்று, மாடியறையில் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மேகத்தில் (இணையச் சேமிப்பில்) ஒன்று. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் தனித்தனியாக இறக்குங்கள். வேர்ட்பிரஸ் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து இருக்கும், படம் இருக்காது. வருடத்தில் ஒருமுறையாவது அந்தப் பிரதியை ஓர் ஓட்டைக் கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீடு மாறும்போது

சரி, இனி இந்தக் கம்பெனி வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் அவசரப்படாதீர்கள்.

டொமைனையும் ஹோஸ்டிங்கையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். முதலில் புதிய ஹோஸ்டிங்கை வாங்கி, பிரதியை அங்கே ஏற்றி, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயர் எந்த ஐ.பி. என்று அந்தக் கணினி மட்டும் பார்க்கும் பட்டியல்) புதிய ஐ.பி.யை எழுதிச் சோதியுங்கள். உலகத்துக்குப் பழைய தளம் தெரியும், உங்களுக்கு மட்டும் புதியது தெரியும். தமிழ் எழுத்துகள், படங்கள், தேடல், தொடர்புப் படிவம் எல்லாவற்றையும் அப்போதே தட்டிப் பார்த்துவிடலாம்.

மாற்றும் நாளுக்கு ஒருநாள் முன்பே டி.என்.எஸ். பதிவின் டி.டி.எல். எண்ணை (பதிவை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பது) 300-ஆகக் குறையுங்கள். அது 86,400 என்று இருந்தால், பழைய முகவரியை ஒருநாள் முழுக்க நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள். குறைத்துவிட்டு மாற்றினால் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலோருக்குப் புதிய தளம் திறக்கும். டி.என்.எஸ். பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவுகளைக் குறித்து வைக்காமல் மாற்றி, மூன்று நாள் ஆர்டர் அஞ்சல் வராமல் அண்ணாச்சியிடம் நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற, கணக்கில் அதற்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான அங்கீகாரக் குறியீட்டைக் கேளுங்கள். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, கேட்ட 5 நாளுக்குள் பதிவு நிறுவனம் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி. புதிதாக வாங்கிய 60 நாளுக்குள் மாற்ற முடியாது. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். டொமைனை ஓர் இடத்திலும் ஹோஸ்டிங்கை வேறோர் இடத்திலும் வைப்பதையே நான் விரும்புவேன். வீட்டுக்காரனோடு சண்டை வந்தாலும் பெயர்ப்பலகை நம் கையில் இருக்கும். ஆனால் இரண்டு காலாவதித் தேதியையும் நினைவில் வைத்திருக்கத் தெரிய வேண்டும், அண்ணாச்சி கதைதான் சாட்சி.

பணம் திரும்ப வரவில்லை என்றால்

கம்பெனியின் தளத்தில் குறைதீர் அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தியாவில் திட்டமிட்டுத் தொடர்ந்து வாடிக்கையாளர் பிடிக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்கும் இது பொருந்தும். பதில் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் ஒருமுறை அந்த வழியில் போய்ப் பணம் வாங்கியிருக்கிறேன். அதற்கும் அசையாதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் இல்லை என்று வாதிடுவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்கிறவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். நகலெடுத்து வைத்த சாட்டும் டிக்கெட்டும் இங்கேதான் கைகொடுக்கும்.

பழைய கணக்கை ஒரு மாதம் கழித்து மூடும்போது, தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து, வங்கியில் அந்த மின்-ஒப்புதலையும் ரத்து செய்து, இரண்டையும் படமெடுத்து வையுங்கள். நான் முதலாவதை மட்டும் செய்தேன். அடுத்த மார்ச்சில் ஒரு வருடப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். முந்தின நாள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. லோன் விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறேன்.